நாட்பட்ட கீழ்முதுகு வலி: இயலாமையில் மனத்தின் பங்கு

விலா எலும்புகளுக்குக் கீழே தொடங்கிப் பிட்டம் வரையுள்ள பகுதியில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாட்பட்ட கீழ்முதுகு வலி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதை இடுப்பு வலி என்பர். 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. மனிதரை முடக்கும் காரணங்களில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. எலும்பு முறிவு, தொற்று, புற்று போன்ற திட்டமான காரணம் இவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. அதைவிட வியப்பானது, வலிக்கும் முடக்கத்துக்கும் இடையே உள்ள பொருத்தமின்மை. ஒரே அளவு வலியைச் சொல்லும் இருவரில் ஒருவர் வேலைக்குப் போய்வருகிறார், மற்றவர் படுக்கையை விட்டு எழத் தயங்குகிறார். இந்த வேறுபாட்டை முள்ளெலும்பின் நிலை மட்டும் விளக்குவதில்லை. நோயாளி தன் வலியைப் பற்றி என்ன நம்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், அவரிடம் மருத்துவர் என்ன சொன்னார் என்பவையும் சேர்ந்தே விளக்குகின்றன. இந்த முடிவுக்கு மருத்துவம் வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆனது.

முதுகு வலி பற்றிய பழைய குறிப்புகள் பல நாட்டு மருத்துவ நூல்களில் உண்டெனினும், அதனால் வரும் இயலாமை தனிக் கேள்வியாக எழுந்தது ரயில் வந்த பிறகுதான். 1866இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், ரயில் விபத்துகளில் வெளிக்காயம் பெரிதாக இல்லாமலே நீண்டகாலம் முடங்கிப் போனவர்களைப் பற்றி எழுதினார். தண்டுவடம் அதிர்ந்ததே காரணம் என்பது அவர் கருத்து. 1883இல் ஹெர்பர்ட் பேஜ் இதை மறுத்து, விபத்தின் அச்சமே இத்தகைய நிலையை உண்டாக்கும் என்றார். பேஜ் ஒரு ரயில் நிறுவனத்தின் மருத்துவராகவும் இருந்தார், இழப்பீட்டு வழக்குகளும் அப்போது மலிந்திருந்தன. ஆகவே யார் சொன்னது எவ்வளவு சரி என்பதை அந்தக் காலத்து ஆவணங்களைக் கொண்டு மட்டும் தீர்ப்பது கடினம்.

1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் இருவரும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விவரித்தனர். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு முதுகு வலி என்றாலே வட்டுதான் என்ற எண்ணம் வேரூன்றியது, அறுவைகள் பெருகின, நீண்ட படுக்கை ஓய்வு வழக்கமான அறிவுரையானது. வலியைப் பற்றிய சிந்தனை வேறு திசையிலிருந்து மாறியது. 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாடு, மூளையிலிருந்து இறங்கும் சைகைகள் தண்டுவடத்திலேயே வலியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை என்றது. சியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், நோயாளி என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தார். வலித்தால் ஓய்வு, வலித்தால் மருந்து என்ற ஏற்பாடு முடக்கத்துக்கே பரிசு தருவதாகிறது என்பது அவர் வாதம். புதிதாக முதுகு வலி வந்தவர்களிடம் அவர் குழு நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வில், வலி தீரும் வரை என்று சொல்லாமல் குறித்த அளவு மருந்தும் குறித்த அளவு பயிற்சியும் பெற்றவர்கள், ஓராண்டை நெருங்கும்போது குறைவாகவே முடங்கியிருந்தனர்.

இந்த வரலாற்றில் மிக நிறைவாகப் பதிவானது 1980 முதல் 2000 வரையிலான காலம். அதன் மையத்தில் கிளாஸ்கோவின் எலும்பு மருத்துவர் கார்டன் வாடெல் இருக்கிறார். 1980இல் அவரும் உடன் பணியாற்றியோரும் உடற்கூறோடு பொருந்தாத ஐந்து வகை அறிகுறிகளை வரையறுத்தனர். சோதனைகள் எளியவை. நிற்பவரின் உச்சந்தலையை மெல்ல அழுத்துவது அவற்றுள் ஒன்று, அது இடுப்பில் வலியைக் கூட்டக் கூடாது. படுத்திருக்கையில் காலை நீட்டித் தூக்கினால் துடிப்பவர், பேச்சுக் கொடுத்தபடி உட்காரவைத்து அதே காலை நீட்டும்போது துடிக்கிறாரா என்று பார்ப்பது மற்றொன்று. ஐந்தில் மூன்று தென்பட்டால் மன உளைச்சலையும் ஆராய வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால் நீதிமன்றங்களிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் இவை நடிப்பைக் கண்டுபிடிக்கும் கருவிகளாகத் திரிக்கப்பட்டன. பொய்யுரைப்பதற்கு இவை சான்றாகா என்று 1998இல் வாடெலும் உளவியலாளர் கிறிஸ் மெயினும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. துன்பப்படும் ஒருவருக்குத் துணைநிற்க எழுந்த சோதனை அவருக்கே எதிரான சாட்சியானது இத்துறையின் வருந்தத்தக்க நிகழ்வுகளில் ஒன்று.

1987இல் வாடெல் உடல், மனம், சூழல் மூன்றையும் இணைத்த புதிய மருத்துவ மாதிரியை முன்வைத்தார். பத்தாண்டுக்கு முன் ஜார்ஜ் எங்கெல் பொதுவாகச் சொன்னதை முதுகுக்குப் பொருத்தியது அது. 1993இல் அவர் குழு வெளியிட்ட 16 கேள்விகள் கொண்ட படிவம் இதற்கு அளவுகோல் தந்தது. வேலை முதுகைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை, வலியின் கடுமையைக் கணக்கில் கழித்த பிறகும், அன்றாட இயலாமையில் காணப்பட்ட வேறுபாட்டில் 23 விழுக்காட்டையும் வேலை இழப்பில் 26 விழுக்காட்டையும் விளக்கியது. 1983இல் லெத்தெமும் மற்றோரும் கோடிட்ட அச்சம்–தவிர்ப்பு மாதிரியை மாஸ்டிரிக்ட் நகரின் யோஹான் விளேயன் வளர்த்தெடுத்தார். வலியைப் பேராபத்தாக எண்ணுபவர் அசைவுக்கு அஞ்சுகிறார், அசையாததால் தசை தளர்கிறது, மனம் சோர்கிறது, அடுத்த அசைவு மேலும் வலிக்கிறது. இந்த அச்சத்தை அளக்க அங்கே ஒரு படத்தொகுப்பு உருவானது. மண் வெட்டுதல், சுமை தூக்குதல் போன்ற அன்றாடச் செயல்களின் ஏறத்தாழ நூறு புகைப்படங்களை நோயாளி 0 முதல் 100 வரையுள்ள அச்ச அளவுகோலில் அடுக்குவார். எந்தப் படம் உச்சியில் போகிறதோ அதை நோக்கியே சிகிச்சை படிப்படியாகச் செல்லும். ஒரு மனிதரின் முடக்கத்தை இவ்வளவு கண்கூடாக்கிய கருவி இத்துறையில் வேறில்லை. வலியைவிட வலி பற்றிய அச்சமே அதிகம் முடக்குகிறது என்ற முடிவைக் குரோம்பெஸும் மற்றோரும் 1999இல் வெளியிட்டனர்.

அச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி மருத்துவமனையிலிருந்தே வருகிறது. 1994இல் வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்தபோது, 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டாவது வீங்கியிருந்தது, எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தோர் 36 விழுக்காட்டினரே. ஆகவே “வட்டு தேய்ந்துவிட்டது, குனியாதே” என்ற சொல் பல நேரங்களில் நோயின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. படுக்கை ஓய்வை விட இயன்றவரை வழக்கமான வேலைகளைத் தொடர்வதே நல்லது என்பதை 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது.

இயலாமையில் மனத்துக்குப் பங்குண்டு என்பதற்கு எழுந்த எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, நெடுநாள் வலித்தால் எவருக்கும் மனம் சோரும், காரணத்தையும் விளைவையும் மாற்றிவிட்டீர்கள் என்பது. ஒரே சமயத்தில் எடுத்த அளவீடுகளுக்கு இது பொருந்தும். ஆனால் மனநிலையை முதலில் அளந்து பின்னர் இயலாமையைப் பார்த்த ஆய்வுகளிலும், வலியைக் குறைக்காமல் அச்சத்தைத் தணித்ததால் இயக்கம் மீண்ட சிகிச்சைகளிலும் அது முழுமையாக நிற்பதில்லை. இரண்டாவது, கடும் உழைப்பையும் முதலாளியின் பொறுப்பையும் மறைக்க இது உதவும் என்பது. போயிங் விமான ஆலையில் 3020 பேரைத் தொடர்ந்து 1991இல் வெளியான ஆய்வில், தம் வேலையை அரிதாகவே விரும்பியவர்கள் முதுகு வலி எனப் புகார் செய்யும் வாய்ப்பு 2.5 மடங்காக இருந்தது. இது பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டாலும், அது அளந்தது புகாரையே, நாட்பட்ட இயலாமையை அன்று. சுமையின் பங்கை அது குறைத்துக் காட்டியது என்ற விமர்சனமும் உண்டு. சலிப்பூட்டும், தொழிலாளிக்குத் தன் வேலைமீது கட்டுப்பாடில்லாத வேலைச்சூழலும் ஆலையின் பொறுப்பே என்பதால், இந்தக் கண்டுபிடிப்பு தொழிலாளியைக் குற்றவாளி ஆக்குவதில்லை. மூன்றாவது, அச்சமா முதன்மை என்பது. 2015இல் வெளியான தொகுப்பாய்வில், வலிக்கும் இயலாமைக்கும் இடையே தன்னால் இயலும் என்ற நம்பிக்கை, மன உளைச்சல், அச்சம் ஆகியவை நின்றன. வலியைப் பேராபத்தாக எண்ணுவதற்கு அவ்வாறு சான்று கிடைக்கவில்லை. அச்ச மாதிரியின் வரிசை திருத்தம் வேண்டுவது. மனமும் முடக்கத்தில் பங்குகொள்கிறது என்ற அடிப்படை அதனால் சாயவில்லை.

மக்களின் நம்பிக்கையை மாற்றினால் இயலாமை குறையுமா என்பதை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997 முதல் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியே சோதித்தது. நியூ சவுத் வேல்ஸோடு ஒப்பிடுகையில் நம்பிக்கைகளும் மாறின, முதுகு வலி இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. ஆனால் ஸ்காட்லாந்து, நார்வே, கனடாவின் ஆல்பர்ட்டா ஆகியவற்றில் நடந்த பிரசாரங்களில் நம்பிக்கைகள் ஓரளவு மாறியும் விடுப்போ கோரிக்கைகளோ அதுபோல் குறையவில்லை. விக்டோரியாவில் எது வேலை செய்தது என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

அண்மைக்காலத்தில், 2011இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார் நோயாளிகளை வலி நீடித்து முடங்கும் இடர் அளவின்படி பிரித்துச் சிகிச்சை தரும் முறையைச் சோதித்து நற்பலன் கண்டனர். 2023இல் ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடந்த ஆய்வில், அசைவையும் அதுபற்றிய எண்ணத்தையும் ஒருங்கே மாற்றும் சிகிச்சை, இயலாமையை ஓராண்டு வரை குறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு நோயாளிக் கல்வி, உடற்பயிற்சி ஆகியவற்றோடு உளவியல் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது.