கருமத்தம்பட்டி: ஒரு சிற்றூர்ப் பங்கின் வரலாறு

சோமனூர் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பவர் செவியில் முதலில் விழுவது விசைத்தறியின் ஓசை. அங்கிருந்து வடக்கே, சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் கருமத்தம்பட்டி. அங்குள்ள ஜெபமாலை அன்னை ஆலயத்தை நம்மில் பலர் அக்டோபர் மாதத் தேர்த்திருவிழாவின் வழியாகவே அறிவோம். ஆனால் அவ்வாலயத்தைச் சூழ்ந்த பங்கின் வரலாறு, தமிழ்ச் சமூகம் இன்றளவும் முழுமையாக விடை காணாத ஒரு வினாவின் வரலாறும் ஆகும்.

இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்னும் குரு, செல்போர்ன் என்ற தம் சிற்றூர்ப் பங்கின் இயற்கையையும் பழமையையும் பற்றி 1789இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சிற்றூரை உற்று நோக்கினால் உலகையே காணலாம் என்பதற்கு அந்நூல் சான்று. ஆங்கிலத்தில் 'பாரிஷ்' எனப்படுவதன் கிரேக்க வேர்ச்சொல், அயலில் குடியிருத்தலைக் குறிப்பது. தமிழ்க் கத்தோலிக்கர் அதற்கு வழங்கும் சொல்லோ 'பங்கு'. பங்கு என்றவுடன், யாருக்கு எவ்வளவு என்ற வினாவும் உடன் எழுந்துவிடுகிறது. கருமத்தம்பட்டியின் கதை அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

இப்பங்கு தன் தொடக்க ஆண்டாகக் கொள்வது 1640. இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து துறவிக் கோலம் பூண்டு தொடங்கிய மதுரை மறைப்பணியின் கிளைகள் கொங்கிலும் பரவிய காலம் அது. அதே 1640இல்தான் பல்தசார் தா கோஸ்தா, 'பண்டாரசாமி' என்னும் புதிய கோலத்தை ஏற்றார். உயர்சாதியினரிடையே பணியாற்றியவர்கள் தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலாத நிலை இருந்தது. அக்குறையை நீக்க வந்ததே இந்த ஏற்பாடு. இரக்கத்தால் பிறந்ததே எனினும், சமயத்துள்ளும் சாதிக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்த ஏற்பாடு அது என்பதை நாம் மறுக்கவியலாது.

அடுத்த நூற்றாண்டில் இச்சிக்கல் ரோமாபுரி வரை சென்றது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744இல் 'மலபார் சடங்குகள்' பற்றி இறுதி ஆணை பிறப்பித்தார். பல வழக்கங்களைத் தடைசெய்த அவ்வாணை, பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இணங்கியது. ஆணையைக் கடைப்பிடிப்பதாக இந்தியாவில் பணிபுரியும் குருக்கள் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அவ்வழக்கம் 1940 வரை நீடித்தது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், இப்பகுதியின் பணி பாரிஸ் மறைப்பணிச் சபையினரிடம் வந்தது. 1799 வரை கொங்கு மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. மைசூர் நாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய அபே துபுவா, இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி விரிவாக எழுதிப் புகழ் பெற்றார். சாதியின் இறுக்கத்தை அருகிருந்து கண்ட அவர், இம்மக்களை மதம் மாற்ற இயலாது என்ற முடிவுக்கு வந்து 1823இல் தாயகம் திரும்பினார்.

துபுவா கைவிட்ட இடத்தில் நம்பிக்கையோடு வந்தவர் மெல்கியோர் தெ மாரியோன் பிரெசியாக். 1813இல் பிரான்சில் பிறந்து 1842இல் புதுச்சேரி வந்த இவர், அங்குக் குருத்துவக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். மண்ணின் மைந்தரே குருக்களாகவும் ஆயர்களாகவும் ஆக வேண்டும் என்பது இவரது உறுதியான கொள்கை. 1846 அக்டோபர் 4 அன்று இவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது கருமத்தம்பட்டியில்தான். அந்நாள் அக்டோபரின் முதல் ஞாயிறு. அக்காலத்தில் ஜெபமாலை அன்னையின் விழா கொண்டாடப்பட்ட நாளும் அதுவே.

ஆயினும் அவரால் இங்கு நிலைக்க இயலவில்லை. சாதி வழக்கங்களுக்கு அளிக்கப்பட்ட சலுகைகள் 1744ஆம் ஆண்டு ஆணைக்கு உடன்பட்டவைதானா என்ற ஐயம் அவர் மனச்சான்றை அரித்தது. சுதேசிக் குருக்களை உயர்த்துவதில் உடன்பணியாளர் சிலர் காட்டிய தயக்கமும் அவரை வருத்தியது. 1854இல் கோவையை விட்டுச் சென்றார். மறு ஆண்டு அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தோற்றுவித்தார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கியவர், ஆறு வாரங்களுக்குள், ஜூன் 25 அன்று, கொள்ளைநோய்க்கு இரையானார். அப்போது வயது நாற்பத்தைந்து. 2020இல் திருச்சபை அவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தது.

அவர் கனவு கண்டபடி, இலத்தீன் வழிபாட்டு முறையில் தற்காலத்தின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடியில் பொறுப்பேற்றது 1923இல். இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. கருமத்தம்பட்டி ஆலயமும் 2019இல் பசிலிக்கா நிலைக்கு உயர்ந்தது.

குருத்துவம் பற்றிய அவரது வினாவுக்கு வரலாறு விடை தந்துவிட்டது. சாதி பற்றிய வினாவோ அப்படியே நிற்கிறது. தமிழகத்துக் கிறித்தவக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிப் பிரிவினை இன்னும் மறையவில்லை. சமயம் எதுவாயினும் ஊரும் சேரியும் தனித்தனியே இருக்கும் நாட்டில், இதை ஒரு திருச்சபையின் குறையாக மட்டும் நாம் சுட்டுவது நேர்மையாகாது. தேர் வரும் நாளில் வடம் பிடிக்கும் கைகள் அனைத்தையும் ஒன்றாகக் காண்கிறோம். தேர் நிலைக்குத் திரும்பிய மறுநாளும் அவ்வாறே காண முடியுமா என்பதுதான் பிரெசியாக் விட்டுச் சென்ற வினா. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.