குடியேறிய மீன்

சித்திரை பிறந்தால் மலைநாட்டில் சீசன் தொடங்கிவிடும். கொழும்பின் புழுக்கம் தாங்காதவர்கள் நுவரெலியாவுக்கு ஏறுவார்கள். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1870களில் அமைந்த வாவியின் கரையில் படகும் குதிரையும் கூட்டமுமாக இருக்கும். வெள்ளைக்காரர் ஆண்ட நாட்களில் இந்தக் கூட்டத்துக்கு இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. அது தூண்டில்.

ஊவாவின் தோட்டப்புறத்தில் பிறந்த எனக்கு அந்தத் தூண்டிலின் கதையை முதலில் சொன்னவர் என் தாத்தா. அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவர் வேலை செய்தார். துரை மீன்பிடிக்கப் போகும் நாட்களில் பெட்டியும் கூடையும் சுமக்க அவரை அழைத்துப் போவார்களாம். ஒஹியா வரை ரயில். அங்கிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறக்குறைய 11 கிலோமீற்றர் ஏற்றம். ஃபார் இன் என்ற விடுதியில் துரை தங்குவார். தாத்தா பின்புறத்துச் சமையற்கட்டு அடுப்பருகே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுப்பார்.

"புழுவெல்லாம் போடமாட்டார் ஐயா. இறகைக் கட்டி ஈ மாதிரி செஞ்சு தண்ணி மேலே தத்தவிடுவார். மீன் ஏமாந்து பாயும்" என்பார் தாத்தா. சிறிய மீன் சிக்கினால், வாயிலிருந்து முள்ளை மெல்லக் கழற்றித் துரை அதை மறுபடியும் ஓடையிலேயே விட்டுவிடுவாராம். "சின்னதாம், வளரட்டுமாம்!" என்று சொல்லித் தாத்தா சிரிப்பார். அவர் பத்து வயதில் பேர் பதிந்து வேலைக்குப் போனவர். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு விளங்கப் பல காலம் ஆயிற்று.

எங்கள் ஆட்களின் மீன்பிடி வேறு மாதிரியானது. கோடையில் ஓயா வற்றும்போது கல்லும் மண்ணும் வைத்து ஓர் ஓரத்தை அடைப்பார்கள். உள்ளே நிற்கும் தண்ணீரைத் தகரத்தால் இறைத்துவிட்டு, சேற்றில் துழாவிக் கையால் பிடிப்பார்கள். குழம்புக்கு வழி கிடைத்தால் போதும். கிடைக்காத நாளில் இருக்கவே இருக்கிறது கருவாடு.

துரைமார் தேடிய மீனின் பெயர் ட்ரவுட். அது இந்த நாட்டு மீன் அல்ல. குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் மட்டுமே அது உயிர் வாழும். நமது மலையுச்சி ஓடைகளில் தூண்டிலுக்கு ஏற்ற மீன் எதுவும் இருக்கவில்லை. ஸ்கொத்லாந்தின் ஆறுகளை நினைத்து ஏங்கிய துரைமாருக்கு இது பெருங்குறையாகப் பட்டது. மீனையே கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

கொண்டுவருவது எளிதல்ல. முட்டைகளைத்தான் கொண்டுவர வேண்டும். சூடு பட்டால் அவை செத்துப்போகும். ஈரப்பாசியில் பொதிந்து, பெட்டியில் அடுக்கி, பனிக்கட்டிக்கு நடுவே வைத்துக் கப்பலேற்றும் முறை 1864இல் பலன் தந்தது. இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு அந்த ஆண்டில் ட்ரவுட் முட்டைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே 1860களில் நீலகிரிக்குக் கொண்டுவர முயன்ற மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டேக்குத் தோல்விதான் கிடைத்தது. இலங்கைக்கு 1880களில் பழுப்பு ட்ரவுட் வந்தது. 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் அமைந்தது. நுவரெலியாவில் குஞ்சு பொரிக்கும் நிலையம் நடத்தி, மலை ஓடைகளில் குஞ்சுகளை விட்டார்கள். பழுப்பு மீன் இங்கே நன்றாகப் பெருகவில்லை. அடுத்து, வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட்டை வரவழைத்தார்கள். ஹோட்டன் சமவெளியின் ஓடைகள் அதற்குப் பிடித்துப்போயின. மனிதர் உதவியின்றித் தானே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது.

ஒரு மீன் முட்டைக்காக எத்தனை கவலை, எத்தனை கணக்கு! எத்தனை வந்தன, எத்தனை செத்தன, எந்த ஓடையில் எத்தனை விட்டார்கள் என்றெல்லாம் பேரேடுகளில் பதிந்து வைத்தார்கள். அதே காலத்தில் இன்னொரு குடியேற்றமும் நடந்துகொண்டிருந்தது. இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் புறப்பட்டவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்து, ஊவாவின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் பலர். அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய பேரேடு இல்லை. அந்தத் துயரத்தைப் பதிந்து வைத்தவை பாட்டுகளே. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அந்தப் பதிவும் நம் கைக்கு வந்திராது.

வெளியிலிருந்து வந்து, ஒரு மண்ணில் வேரூன்றித் தானாகவே பெருகும் உயிரினத்தை உயிரியலார் ஆங்கிலத்தில் 'நாச்சரலைஸ்ட்' என்பார்கள். வெளிநாட்டவராக வந்து குடியுரிமை பெற்றவரைச் சட்டத்தாரும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். ட்ரவுட் அந்தப் பட்டத்தைச் சில பத்தாண்டுகளிலேயே பெற்றுவிட்டது. நம் மக்களின் கதை அப்படியல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மூன்று, நான்கு தலைமுறைகளை இந்த மலைகளிலே புதைத்த பின்னும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறுபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! அந்த எஞ்சியவர்களுக்கு 1974இல் இன்னொரு ஒப்பந்தம் தேவைப்பட்டது. நாடற்றவர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரச் சட்டம் இயற்ற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரவேற்பளித்து வளர்த்த மீனின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ஒரு சிறு இறால் இனம் உண்டு. உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதது. இன்று அது அருகிவருகிறது; அதற்கு நேர்ந்துள்ள ஆபத்துகளுள் ஒன்றாக வானவில் ட்ரவுட்டையே அறிஞர்கள் சுட்டுகிறார்கள். ஆக, விருந்தாளியாக வந்த மீன் வீட்டுப் பிள்ளையைத் தின்கிறது. 1988இல் தேசிய பூங்காவான அந்தச் சமவெளியில், அந்த மீன் இன்றும் நீந்திக்கொண்டிருக்கிறது. உழைக்க வந்தவர்களோ இந்த மலைகளைத் தின்னவில்லை, பசுமையாக்கினார்கள்.

இனி, நான் சொல்ல வந்த கடைசிச் செய்தி. இலங்கையில் நிலைத்த வானவில் ட்ரவுட் இங்கேயே நின்றுவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், சென்னை அரசின் ஆதரவில் எச். சி. வில்சன் நீலகிரியில் ட்ரவுட் வளர்க்க முனைந்தபோது இலங்கையிலிருந்தும் முட்டைகள் போயின. ஜேர்மனியும் நியூசிலாந்தும் கூடக் கொடுத்தன. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் எழுந்தது. டேக்குக் கைகூடாதது வில்சனுக்குக் கைகூடியது.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே வழியில் மனிதர்கள் போனார்கள். ஒப்பந்தப்படி தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. பதுளை ரயில் நிலையத்தில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அன்று மேடையில் எழுந்த அழுகுரல் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் தாத்தா அழவில்லை. தன் பழைய கம்பளியை மட்டும் மகனின் தோளில் போட்டு அனுப்பினார்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. வீட்டின் கூரை, மழை, சம்பளம் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் சித்தப்பா இப்படி எழுதியிருந்தார்: "அண்ணே, அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் சொல்லும் புள்ளி மீன் இங்கேயும் ஆற்றில் இருக்கிறதாம். சிலோனிலிருந்து கொண்டுவந்தது என்கிறார்கள். எங்களையும் இங்கே சிலோன்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்."

அப்பா அதை உரக்கப் படித்தார். தாத்தா வழக்கம்போலச் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மீனை யாரும் திருப்பி அனுப்பலையே" என்றார்.