இருட்டை எண்ணிய செடிகள்

நாளுக்கு 18 மணி நேரம் விளக்கு எரிந்தால் கஞ்சாச் செடி இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும். அதை 12 மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரம் அறையைக் கும்மிருட்டாக வைத்தால் ஓரிரு வாரத்தில் பூவுக்கு வந்துவிடும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 அக்டோபர் முதல் வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே நிலவறையில் செடி வைத்திருப்பவர் டைமரைத் திருப்பும் நாள்தான் அந்தச் செடிக்குப் பருவம் மாறும் நாள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அரசு அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றம். ஆனால் அந்த 12 மணி நேரக் கணக்கு எப்படிப் பிறந்தது என்ற வரலாறு நெல் விதைப்பவருக்கும் சாமந்தி விற்பவருக்கும் சேர்த்தே உரியது. அதில் முதல் துப்பைக் கொடுத்த செடிகளில் கஞ்சாவும் ஒன்று.

பூக்கும் நாளை மனிதன் குறிப்பது என்பதே முன்பு கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய வங்கதேசத்தின் நவ்காவ் வட்டாரத்து விவசாயிகள் அரசு உரிமம் பெற்றுக் கஞ்சா பயிரிட்டார்கள். ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் நடவு. நவம்பரில் பூ எடுக்கத் தொடங்கியதும் ஆண் செடிகளைக் கண்டுபிடித்துக் களைவதற்கென்றே கூலிக்கு ஆள் வருவார். அவரை ஆங்கிலேய அதிகாரிகள் ‘கஞ்சா டாக்டர்’ என்று எழுதிவைத்தார்கள். 1893–94-இல் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா ஆணையம் இந்தச் சாகுபடியை விரிவாகப் பதிவுசெய்தது. நவம்பரில் அங்கே பகல் ஏறத்தாழ 11 மணி நேரம். செடி அதற்காகத்தான் காத்திருக்கிறது என்று அன்று எந்த அறிவியலாளரும் சொல்லவில்லை. குளிர், மழை, மண்ணின் சத்து என்று பல காரணங்கள் பேசப்பட்டன.

பாரிஸில் ஜூலியன் டூர்னுவா என்ற இளம் தாவரவியலாளர் ஹாப் கொடியையும் கஞ்சாவையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்பும் கஞ்சாவும் ஒரே குடும்பம். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் விதைத்த கன்றுகள் சில இலைகள் விட்டதுமே பூத்துவிடுவதை அவர் கவனித்தார். கோடையில் ஆளுயரம் வளர்ந்து பூக்க வேண்டிய செடி அது. கூடம் கதகதப்பாக இருந்ததால் குளிரைக் காரணம் காட்ட முடியவில்லை. பிறகு கன்றுகளுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தை நாளுக்குச் சில மணி நேரமாகச் சுருக்கிப் பார்த்தார். அப்போதும் உடனே பூத்தன. 1912-இலும் 1914-இலும் முடிவுகளை வெளியிட்டார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் பூக்கத் தூண்டுகிறது என்ற கருத்தையும் அதிலேயே எழுதினார். அடுத்த சோதனைகளுக்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. போருக்குப் போன டூர்னுவா 1914-லேயே களத்தில் மாண்டார்.

அதே புதிர் அமெரிக்காவில் ஒரு புகையிலைச் செடியின் வடிவத்தில் நின்றது. 1906-இல் மேரிலாந்து வயல் ஒன்றில் வழக்கத்துக்கு மாறான செடிகள் தோன்றின. 10 முதல் 15 அடி உயரம், ஒரு செடியில் நூறு இலை வரை. இலைக்காகவே பயிராகும் புகையிலையில் இதைவிட வேறென்ன வேண்டும்? சிக்கல் விதையில் இருந்தது. ‘மேரிலாந்து மம்மூத்’ என்று பெயர் பெற்ற அந்த ரகம் கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்து, உறைபனியில் செத்துப்போனது. ஆனால் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்த செடிகள் குளிர்காலத்தில் குட்டையாக இருக்கும்போதே பூத்து விதை தந்தன.

அமெரிக்க வேளாண் துறையின் ஆர்லிங்டன் பண்ணையில் இதை ஆராய்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு அறிவியலாளர்கள் இன்னொரு விசித்திரத்தையும் பார்த்திருந்தார்கள். ‘பைலாக்ஸி’ சோயாவை வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விதைத்தாலும், மூத்ததும் இளையதும் செப்டம்பர் வாக்கில் சேர்ந்தே பூத்தன. காவிரிப் படுகையில் பழைய சம்பா ரகங்களைப் பயிரிட்டவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் கதிர் தள்ளுவது தன் பருவத்தில்தான். சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். அந்தச் சிறு வித்தியாசமே நெல்லுக்குப் போதுமானதாக இருக்கிறது.

1918 ஜூலை 10, மாலை 4 மணி. இரும்பு வாளிகளில் வளர்ந்த மம்மூத் செடிகளையும் ஒரு பெட்டிச் சோயாவையும் கார்னரும் அல்லார்டும் வெளிச்சம் புகாத சிறு மர அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். நாள்தோறும் இதையே செய்தார்கள். கோடை நடுவில், ஏழு மணி நேரப் பகல் மட்டுமே கிடைத்த மம்மூத் பூத்தது. வெளியே நின்ற அதன் உடன்பிறப்புகள் பூக்காமல் வளர்ந்துகொண்டே இருந்தன. 1920-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை செடிகளைக் குறும்பகல், நெடும்பகல், பகல் நடுநிலை என்று பிரிக்க வழிகாட்டியது. இன்றைய பாடநூல்களின் ‘ஒளிக்காலத்துவம்’ அங்கிருந்து வருகிறது. இத்தனை எளிய கருவியில் இத்தனை பெரிய உண்மை கிடைத்த சோதனைகள் தாவரவியலில் வெகு சில.

ஆனால் ‘குறும்பகல்’ என்ற பெயரிலேயே ஒரு பிழை தங்கிவிட்டது. 1938-இல் சிகாகோவில் ஹாம்னர், பானர் என்ற ஆய்வாளர்கள் மருளூமத்தைச் செடியை வைத்து அதை வெளிப்படுத்தினார்கள். எட்டரை மணி நேரத்தைத் தாண்டிய ஓர் இரவு கிடைத்தாலே அது பூக்க ஆயத்தமாகிவிடும். நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் அந்த இரவு கணக்கில் சேராது. பகலுக்கு நடுவே சிறிது நேரம் இருட்டடித்தால் ஒன்றும் ஆவதில்லை. செடி எண்ணுவது இருட்டைத்தான். டூர்னுவா 24 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது இதுதான். வெளிச்சத்தை உணரும் நிறமியான பைட்டோகுரோமை மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வகம் 1959-இல் கண்டறிந்தது.

தோட்டக்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. கறுப்புத் துணியால் மூடிச் சாமந்தியை முன்கூட்டியே பூக்கவைத்தார்கள். இரவில் விளக்குப் போட்டுப் பூவைத் தள்ளியும் வைத்தார்கள். சாமந்தி ஆண்டு முழுவதும் சந்தைக்கு வந்தது இப்படித்தான். நெல்லில் எதிர்த்திசையில் வேலை நடந்தது. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகம். எப்போது நட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவு நாளில் அறுவடைக்கு வரும்.

கஞ்சாவிலும் அப்படி ஓர் இனம் உண்டு. 1924-இல் ரஷ்யாவின் யானிஷெவ்ஸ்கி விவரித்த ருடராலிஸ், வயது வந்ததும் தானே பூக்கும். அதைக் கலந்து உருவாக்கிய ரகங்களை வளர்ப்பவருக்கு நாள் குறிக்கும் வேலையே இல்லை. மற்ற ரகங்களை அறைக்குள் வளர்ப்பவர் பார்ப்பது கூரையை. இருட்டு 12 மணி நேரமானதும் செடி உடனே நின்றுவிடாது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் பல ரகங்கள் இரண்டு மடங்கு உயரும். அதனால் எட்ட வேண்டிய உயரத்தில் பாதி வந்ததுமே விளக்கைக் குறைக்கிறார்கள். கணு ஓரத்தில் முதல் பூவரும்பு தெரிகிறதா, செடி முதிர்ந்துவிட்டதா என்றும் பார்க்கிறார்கள். கன்றாக இருக்கும்போதே குறைத்தால் டூர்னுவாவின் கண்ணாடிக் கூடத்தில் நடந்ததே நடக்கும்: சில இலை, நாலு பூ. கதவிடுக்கில் கசியும் வெளிச்சத்தைக்கூடத் துணி வைத்து அடைப்பதற்குக் காரணம் மருளூமத்தைச் சோதனையில் இருக்கிறது.

நம் பதினோராம் வகுப்பு மாணவர்கள் கார்னர், அல்லார்டு பெயர்களை 1920 என்ற ஆண்டோடு சேர்த்துப் படிக்கிறார்கள். அது நியாயமானதே. பாடநூல் எழுதுபவர்கள் அந்த வரிக்கு முன்னால் 1912, டூர்னுவா, பாரிஸ் என்று இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும்.