கடலும் கடிகாரமும்

விரைவைக் கண்டு வியப்பது மனித இயல்பு. ஆனால் ஒரு விரைவின் பெறுமதியை அறிந்து சுவைப்பதற்குப் பயிற்சி வேண்டும். பாதை எது, அதன் தூரம் எவ்வளவு, விதி யாது, துணை நின்றோர் யாவர், நேரத்தைக் கணித்தவர் யார் என்ற வினாக்களைக் கேளாதவன் வெறும் எண்ணைக் கண்டு கைதட்டுகிறான். கேட்பவனோ அவ்வெண்ணின் பின்னாலுள்ள உழைப்பைக் காண்கிறான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலிருந்து தொடங்கிய பாக்கு நீரிணை நீச்சலின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையது என்று நாம் கருதுகிறோம்.

இதற்குரிய பயிற்சியை நம் மாணவர்கள், நாம் எதிர்பாராத ஓரிடத்தில் ஏற்கெனவே பெற்று வருகிறார்கள். பழைய வீடியோ விளையாட்டுகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மிகக் குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும் ‘ஸ்பீட்ரன்’ எனும் போட்டியை அவர்கள் கைபேசித் திரையில் ஆர்வத்தோடு பார்க்கின்றனர். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்ற விளையாட்டை முடிக்க ஒரு சிறுவனுக்குப் பல நாள்கள் செல்லும். 2021இல் ஓர் ஆட்டக்காரர் அதனை 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடித்தார். இதனைப் பெரியோர் பலர் வீண்பொழுது என ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்குமுன் அங்கே நிகழ்வது என்னவென்று அறிதல் நன்று.

அவ்விளையாட்டின் பெரும்பாலான கட்டங்களில், கட்டம் முடிந்துவிட்டதா என்பதை இயந்திரம் 21 படச் சட்டங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்கு நேரத்திற்கு ஒருமுறை மட்டுமே சோதிக்கிறது. அதனிலும் சிறிய நேரத்தை மிச்சப்படுத்தியவனுக்குப் பயன் எதுவும் இல்லை. இவ்விதியைக் கண்டறிந்து எல்லோர்க்கும் விளக்கியவர்கள் பொழுதுபோக்காக ஆடிய சாதாரண மனிதர்களே. ஒருவர் கண்ட குறுக்குவழியை அடுத்தவர் கற்கிறார். அவர் குறைத்த நேரத்தை மூன்றாமவர் மேலும் குறைக்கிறார். 2010 முதல் நடைபெற்றுவரும் ‘கேம்ஸ் டன் குயிக்’ கூட்டங்களில் ஆடுபவரின் அருகே அமர்ந்தோர் ஒவ்வொரு நுட்பத்தையும் பார்வையாளர்க்கு எடுத்துரைக்கின்றனர். நற்பணிகளுக்கு நிதியும் திரட்டுகின்றனர். பார்வையாளரே தேர்வாளராகவும் ஆகின்றனர். 1980இல் வெளிவந்த ‘டிராக்ஸ்டர்’ என்ற விளையாட்டில் 5.51 விநாடி என்ற சாதனை 1982 முதல் ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஏட்டில் நிலைத்திருந்தது. ஆர்வலர்கள் நிரலைப் பகுத்து ஆராய்ந்து, 5.57 விநாடிக்குக் குறைவாக அதனை முடித்தல் இயலாது என்று காட்டினர். 2018 சனவரியில் அச்சாதனை நீக்கப்பட்டது. அச்சேறிவிட்டது என்பதற்காக எதனையும் நம்பலாகாது என்ற பாடம் இதில் உண்டு.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு நம் கடலுக்கு வருவோம்.

1954 மார்ச் மாதத்தில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். அவருக்குச் சென்ற நேரம் 27 மணித்தியாலம். பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரலில், வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணித்தியாலம் 36 நிமிடத்தில் நீந்தினார். 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அவர், 1966ஆம் ஆண்டிலேயே ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பொஸ்பரஸ், பனாமாக் கால்வாய் ஆகியவற்றையும் நீந்தினார். அவர் பெருமையில் ஐயமில்லை. ஆயினும் பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்தியவர் அவரே என்று எழுதும் பொது அறிவு நூல்கள் உண்டு. நம் பிள்ளைகள் சிலரும் அதனை மனனம் செய்து பரீட்சையில் எழுதுகின்றனர்.

இங்கே இரு பிழைகள் உள்ளன. காலவரிசையை மறந்தமை முதற்பிழை. பாதையை மறந்தமை இரண்டாம் பிழை. 25 மணித்தியாலமும் 27 மணித்தியாலமும் அருகருகே எழுதப்பட்டால் முன்னதே விரைவு என்று தோன்றும். வரைபடத்தை எடுத்து அளந்து பார்ப்போமாக. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்; வல்வெட்டித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே 50 கிலோமீற்றருக்கும் மேல். நீரோட்டமும் காற்றும் இரு பாதைகளிலும் ஒன்றல்ல. இவ்விரு நேரங்களையும் ஒரே பட்டியலில் வைப்பது தகாது. விளையாட்டு ஆர்வலர்கள் ஒவ்வொரு பாதைக்கும் விதிக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கின்றனர். பாடநூல் எழுதுவோர் அந்த நேர்மையை அவர்களிடம் கற்கலாம்.

நவரத்தினசாமியை ஏடு ஏன் மறந்தது? மிகிர் சென்னின் நீச்சலுக்கு இந்தியக் கடற்படையின் துணை இருந்தது. பெருநகரப் பத்திரிகைகளின் கவனமும் இருந்தது. தொண்டைமானாற்றின் மனிதருக்கு வாய்த்தது அவர் ஊரும் ஊரின் நினைவுமே. சாதனை எங்கே நிகழ்ந்தது என்பதைவிட, அதனை எழுதும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பதே பெரும்பாலும் வரலாற்றைத் தீர்மானித்திருக்கிறது.

அடுத்து வந்தவர் வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன். சட்டத்தரணியான அவரை மக்கள் ‘ஆழிக்குமரன்’ என்று அழைத்தனர். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். 1979இல் கொழும்பில் 187 மணித்தியாலத்திற்கும் மேலாக இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். 1984 ஓகஸ்ட் 6ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் துறந்தார். அவருடைய இருவழி நேரம் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர அதே இருவழிப் பாதையை 28 மணித்தியாலம் 19 நிமிடம் 43 விநாடியில் கடந்தார்.

நேரம் ஏறத்தாழப் பாதியாகியதால் ஆனந்தனின் பெருமையும் பாதியாயிற்றா? அவ்வாறு எண்ணுவது வெறும் எண்ணை வணங்குவதாகும். 1971இல் செய்மதி வழியாக இடமறியும் கருவி இத்தகைய சிறு துணைப்படகுகளில் இல்லை. நீந்துபவனின் கண் அலைமட்டத்தில் இருக்கிறது. சிறிது தூரம் சென்றதும் கரை அவனுக்கு மறைந்துவிடும். திசை காட்டுபவன் துணைப்படகின் சுக்கானைப் பிடித்திருப்பவனே. நீரோட்டம் எப்போது இழுக்கும், எப்போது விடும் என்பதை அவன் பிழையாக மதித்தால், நீந்துபவனின் பல மணித்தியால உழைப்பு வீணாகும்.

மேலே மாதம் குறிப்பிட்டுக் கூறிய பாக்கு நீரிணை நீச்சல்களை நோக்குக: ஒன்று மார்ச், இரண்டு ஏப்ரல். இது தற்செயலன்று. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் எழுவதற்குமுன் கடல் அமைதி கொள்ளும் இடைக்காலம் அது. பங்குனி, சித்திரை மாதங்களின் இவ்வமைதியைக் கண்டறிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வலை வீசிய கடற்றொழிலாளர்களும் பாய்க்கப்பல் செலுத்திய தண்டையல்களுமே. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அவ்வூர் மாலுமிகள் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். அத்தகைய அறிவு நிறைந்த கரையிலிருந்தே 1954இன் நீச்சலும் புறப்பட்டது. இவ்வறிவு எந்தத் தனிமனிதனின் சொத்துமன்று.

இதே கடலில் கடிகாரம் பிடிக்க எவருமில்லாத கடப்புகளும் நிகழ்ந்தன. 1983க்குப் பின்னர் மன்னார்க் கரையிலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகளோடு படகேறி இராமேஸ்வரக் கரையை நாடினர். போரின் ஆண்டுகளில் கடற்றொழிலாளர்க்கே கடல் தடைசெய்யப்பட்ட காலங்கள் இருந்தன. நீரிணையைப் பற்றிப் பேசும் எவரும், சாதனைக்காகக் கடந்தவரை எழுதி, உயிருக்காகக் கடந்தவரை விட்டுவிடலாகாது. அவர்களை ஏற்றிச் சென்ற படகோட்டிகளும் இதே காற்றையும் இதே நீரோட்டத்தையுமே அறிந்திருந்தார்கள்.

ஆகவே நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. சாதனைகளைப் பாருங்கள், மனம் விட்டுப் பாராட்டுங்கள். ஆனால் பாதையை அளந்து, விதியை விசாரித்து, சான்றைக் கேட்டுப் பாராட்டுங்கள். பாக்கு நீரிணை பற்றிய பாடத்தில் 1966க்கு முன்னால் 1954 எழுதப்படுதல் வேண்டும். நீந்தியவரின் பெயரோடு சுக்கான் பிடித்தவரின் பெயரும் எழுதப்படுதல் வேண்டும். வடமராட்சியின் கரையோர ஊர்களில் பழைய கடலோடிகள் இன்றும் வாழ்கின்றனர். பாடசாலை மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் சென்று அவர்களிடம் காற்றின் பெயர்களையும் நீரோட்டத்தின் குணங்களையும் கேட்டெழுதுவது, ஒரு விடுமுறைக்காலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. விளையாட்டுத் திரையின் முன்னே ஒரு விநாடியின் பங்கையும் விடாது ஆராயும் நம் பிள்ளைகளுக்கு அவ்வேலைக்கு வேண்டிய கூர்மை இல்லாமற் போகாது.