பூனைப் பூசல் (ஒரே வீட்டில்)

ஒரு வீட்டில் வாழும் பூனைகளிடையே தோன்றும் சண்டை, பதுங்கல், கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தல் ஆகியவற்றின் பொதுப்பெயர். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடுவது. இரையைப் பகிரும் வழக்கம் அதற்கில்லை. ஆகவே உணவு, நீர், படுக்கை, கழிப்பதற்கான மணல்தட்டு எல்லாம் தனித்தனி இடங்களில் வேண்டும். மணல்தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது.

தூத்துக்குடி திரேஸ்புரம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் மீன் வாடைக்குத் தெருப்பூனைகள் கூடும். சன்னலில் அவற்றைக் காணும் வீட்டுப்பூனை, எட்டாத எதிரிமேல் எழுந்த சினத்தைப் பக்கத்திலிருக்கும் துணைமேல் காட்டிவிடும். நேற்றுவரை ஒட்டிப் படுத்தவை இன்று சீறுவதற்கு இது ஒரு பொதுவான காரணம். வளர்ப்பவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். சன்னலின் கீழ்ப்பகுதியை மறைத்து, இரண்டையும் தனி அறைகளில் வைத்து, துணியில் ஒன்றன் மணத்தை மற்றதற்குப் பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் உணவிட்டு, மெல்லச் சேர்க்க வேண்டும். இதற்கு வாரக்கணக்காகலாம். அடிப்பது அச்சத்தையே வளர்க்கும், அது கொடுமையும்கூட.

கருத்தடை செய்தால் கடுவன்களின் சிறுநீர்ப் பீய்ச்சல் பெரும்பாலும் நின்றுவிடும்.

பழக்கம் திடீரென மாறினால் முதலில் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கடுவன் முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது உயிராபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.