பேரேடும் டெவ் அடைவும்

காமர்ஸ் மாணவனுக்கு லினக்ஸில் என்ன வேலை என்கிறீர்களா? அண்ணனின் அரசு லேப்டாப்பில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதில் தொற்றிய ஆர்வம்!

மரக்காணம் உப்பளத்தில் அப்பா எழுதும் பேரேட்டில், உப்பு வாங்கிய வியாபாரிக்கு மட்டுமே பக்கம் உண்டு. வரக்கூடிய எல்லோருக்கும் முன்பே பக்கம் ஒதுக்கினால்?

பழைய லினக்ஸ் அதைத்தான் செய்தது. ஹார்ட் டிஸ்க், கீபோர்டு என ஒவ்வொரு கருவிக்கும் 'டெவ்' அடைவில் ஒரு கோப்பு. உள்ளே தகவல் கிடையாது. எந்த டிரைவர், எந்தக் கருவி என்று காட்டும் இரண்டு எண்கள்தான். இல்லாத கருவிகளுக்கும் கோப்பு இருந்ததால், உண்மையில் எது இருக்கிறது என்றே தெரியாது.

2001-ல் வெளியான 2.4 கெர்னலில் ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் இருந்தது. இருக்கும் கருவிக்கு மட்டும் கோப்பு! ஆனால் பெயர் சூட்டும் கொள்கையும் கெர்னலுக்குள் புகுந்துவிட்டது. 2003-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யூடெவ் மூலம் அந்த வேலையை வெளியே கொண்டுவந்தார். 2006-ல் டெவ்எஃப்எஸ் நீக்கப்பட்டது.

சரி, யூடெவ் தொடங்கும்வரை டெவ் காலியாக இருக்குமே? அதற்குத்தான் 2009-ல், 2.6.32 கெர்னலில், டெவ்டிஎம்பிஎஃப்எஸ். பூட் ஆகும்போது கருவியைக் கண்டதும் கெர்னலே நினைவகத்தில் கோப்பை உண்டாக்கும். யார் தொடலாம், வேறு என்ன பெயர் என்பதை யூடெவ் பிறகு கவனிக்கும்.

சரக்கைப் பார்த்தவர் பதிவு போடுகிறார்; அனுமதி தருபவர் வேறொருவர். ஆடிட்டிங் பாடத்தில் வரும் இன்டர்னல் செக் இதுதானே! கணக்கு நிஜத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.