லண்டன் கவுண்டி கவுன்சில் முதல் தேர்தலில் பெண் வேட்பாளர்கள் (1889)

லண்டன் நகர நிர்வாகத்துக்காக உருவாக்கப்பட்ட கவுண்டி கவுன்சிலின் முதல் தேர்தல் 1889 ஜனவரியில் நடந்தது. அதில் போட்டியிட்ட ஜேன் காப்டன், மார்கரெட் சாண்ட்ஹர்ஸ்ட் ஆகிய இரு பெண்களும் வெற்றி பெற்றனர். ஒருவர் நீதிமன்றத் தீர்ப்பால் பதவியை இழந்தார். மற்றொருவர் பதவியில் நீடித்தும் வாக்களிக்க முடியாதவரானார். பிரிட்டனின் உள்ளாட்சி மன்றங்களில் பெண்கள் அமரும் உரிமைக்கான போராட்டத்தில் இத்தேர்தல் ஒரு தொடக்கப்புள்ளி.

பின்னணி

இங்கிலாந்தில் வரி செலுத்தும் மணமாகாத பெண்களும் விதவைகளும் 1869 முதல் நகராட்சித் தேர்தல்களில் வாக்களித்து வந்தனர். 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பெண்கள் பள்ளி வாரியங்களுக்குப் போட்டியிட இடமளித்தது. அவ்வாண்டிலேயே எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ் இருவரும் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்வாயினர். 1875 முதல் ஏழைகள் நிவாரண வாரியங்களிலும் பெண்கள் இடம்பெற்றனர்.

1888-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கவுண்டி கவுன்சில்களை அமைத்தது. பெண்கள் அவற்றுக்கு வாக்களிக்கலாம் என்பது தெளிவாக இருந்தது. உறுப்பினராகலாமா என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இந்த இடைவெளியைச் சோதித்துப் பார்க்க, பெண் வேட்பாளர்களை நிறுத்துவதற்கென்றே ஒரு குழு 1888 இறுதியில் அமைக்கப்பட்டது.

வேட்பாளர்கள்

ஜேன் காப்டன் (1851–1947) தடையற்ற வணிகக் கொள்கைக்காகப் புகழ்பெற்ற ரிச்சர்ட் காப்டனின் மகள். கிழக்கு லண்டனின் தொழிலாளர் பகுதியான போ-ப்ராம்லி தொகுதியில் நின்றார். பின்னாளில் தொழிற்கட்சியின் தலைவரான ஜார்ஜ் லான்ஸ்பரி அவருடைய தேர்தல் முகவராகப் பணியாற்றினார்.

மார்கரெட் சாண்ட்ஹர்ஸ்ட் பிரிக்ஸ்டன் தொகுதியில் நின்றார். இவருடைய கணவர் வில்லியம் மான்ஸ்ஃபீல்ட் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர். மகன் 1895 முதல் 1900 வரை பம்பாய் ஆளுநராக இருந்தார்.

வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. முற்போக்கு அணி சார்பில் இருவரும் வென்றனர். 118 உறுப்பினர்கள் கொண்ட அவையில் அந்த அணியே பெரும்பான்மை பெற்றது. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் 19 ஆல்டர்மன்களில் ஒருவராக எம்மா கான்ஸ் தேர்வானார். இவர் பின்னாளில் ஓல்டு விக் எனப் பெயர்பெற்ற அரங்கை நடத்தியவர்.

சாண்ட்ஹர்ஸ்ட் வழக்கு

பிரிக்ஸ்டனில் தோற்ற பெரஸ்ஃபோர்ட் ஹோப் நீதிமன்றத்தை நாடினார். கவுண்டி கவுன்சில்களுக்கும் பொருந்திய 1882-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தின் 63-ஆம் பிரிவை அவர் தரப்பு எடுத்துக்காட்டியது. வாக்குரிமையைப் பொறுத்தவரை ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்பது அப்பிரிவு. வாக்களிப்பதற்கு மட்டுமே அப்படிச் சொல்லப்பட்டிருப்பதால் பதவி வகிப்பதற்கு அது பொருந்தாது என்பது வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. 1889 மே மாதம் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

மறுதேர்தல் நடத்தப்படவில்லை. சாண்ட்ஹர்ஸ்டுக்கு விழுந்த வாக்குகள் வீணானவையாகக் கருதப்பட்டு, தோற்றவரே உறுப்பினராக அறிவிக்கப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமை தந்த பிரிவே அவர்கள் பதவிக்கு வருவதைத் தடுக்கும் ஆதாரமாகியது.

பன்னிரண்டு மாதக் காத்திருப்பு

காப்டனின் தொகுதியில் தோற்றவர் எவரும் வழக்குத் தொடரவில்லை. ஒரு தேர்தல் பன்னிரண்டு மாதங்களுக்குள் எதிர்க்கப்படாவிட்டால் அது செல்லும் என்று அதே 1882 சட்டம் கூறியது. தகுதியற்றவர் பதவியில் செயல்பட்டால் அபராதம் உண்டு என்பதும் அதில் இருந்தது. எனவே காப்டனும் கான்ஸும் பதவி விலகாமலும், வாக்களிக்காமலும் அந்தக் காலத்தைக் கடத்தினர். 1890 பிப்ரவரியில் அவைப் பணிகளில் முழுமையாகப் பங்கேற்கத் தொடங்கினர்.

சக உறுப்பினரான சர் வால்டர் டி சூசா உடனே வழக்குத் தொடர்ந்தார். காப்டனுக்கு 250 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 1891-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 5 பவுண்டாகக் குறைத்தாலும் அடிப்படையை மாற்றவில்லை. தேர்தலை இனி ரத்துசெய்ய முடியாது; ஆனால் தேர்வானதால் தகுதியின்மை நீங்கிவிடவில்லை என்றது தீர்ப்பு. அதன்படி அவர் உறுப்பினர்தான், உறுப்பினராகச் செயல்பட்டால் குற்றம். அபராதத்தைக் கட்ட மறுத்துச் சிறை செல்லும்படி சிலர் கூறிய யோசனையைக் காப்டன் ஏற்கவில்லை. பதவிக்காலம் முடியும்வரை வாக்களிக்காமலே அவையில் அமர்ந்திருந்தார். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாக்களும் தோல்வியடைந்தன.

பின்விளைவுகள்

வேட்பாளர்களை நிறுத்திய குழு பெண்கள் உள்ளாட்சிச் சங்கமாக வளர்ந்து, தொடர்ந்து போராடியது. 1894-ஆம் ஆண்டின் சட்டம் ஊர் மன்றங்களிலும் வட்டார மன்றங்களிலும் மணமான பெண்கள் உட்பட அனைவரையும் அனுமதித்தது. 1899-ஆம் ஆண்டின் சட்டப்படி லண்டனின் பழைய திருச்சபை வட்ட மன்றங்கள் கலைக்கப்பட்டு பரோ கவுன்சில்கள் வந்தபோது, அவற்றில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஏற்கெனவே பணியாற்றிவந்த பெண்கள் வெளியேற நேர்ந்தது.

1907-இல்தான் கவுண்டி, பரோ கவுன்சில்களில் பெண்கள் உறுப்பினராகும் உரிமையைச் சட்டம் உறுதிசெய்தது. 1910 தேர்தலில் ஹென்ரியட்டா ஆட்லர், சூசன் லாரன்ஸ் இருவரும் லண்டன் கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்வாயினர். சாண்ட்ஹர்ஸ்ட் 1892-இலேயே காலமாகிவிட்டார். கான்ஸ் 1912 வரை வாழ்ந்து இம்மாற்றத்தைக் கண்டார். பெண்கள் நாடாளுமன்றத்தில் அமர்வதையும் பார்த்த பின்னரே காப்டன் மறைந்தார்.